25 நாள் செமஸ்டர்

மெஸ்ஸுல கீரை மசியல் போடுற அன்னிக்கு மட்டும் தட்டைக் கையால மறைச்சுக்கிட்டு, 'எனக்கு வேணாம்ணே... சாம்பார் மட்டும் போதும்'னு நழுவுற கோஷ்டியா நீங்க? தப்பே இல்லை. பல ஹாஸ்டல் மசியலுக்கு அந்த மரியாதையே ஜாஸ்தி! ஆனா அந்தக் கீரை உங்க தட்டு வரைக்கும் வந்து சேர்ந்த கதை இருக்கே, அது மசியலை விட ருசியான மேட்டர். இந்த வாரம் அதைத்தான் பேசப்போறோம்.

கதையோட லொகேஷன், சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல போறவங்களுக்கு நல்லாவே தெரியும். கவரைப்பேட்டை பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற மக்கள் தினமும் கடக்குற ரூட்டு. திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வரைக்கும் ஜன்னல்ல தெரியறது எல்லாம் புகைபோக்கி, கன்டெய்னர் லாரி, ஹைடென்ஷன் டவர். மீஞ்சூர் தாண்டினா கொஞ்சம் பச்சை எட்டிப் பார்க்கும். பொன்னேரி பக்கம் வயல். கும்மிடிப்பூண்டியை நெருங்க நெருங்க மறுபடியும் சிப்காட் காம்பவுண்ட் சுவர்கள். ஹெட்போனைக் கழட்டிட்டு ஒரு நாள் வெளியே கவனிங்க. சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவுல, ஏரிக்கரை ஓரத்துல, வீடு கட்டக் கல்லு நட்ட பிளாட்டுக்குப் பக்கத்துல... செஸ் போர்டு மாதிரி சின்னச் சின்னப் பாத்திகள் இருக்கும். ஒரு கட்டம் இளம்பச்சை, அடுத்தது கரும்பச்சை, அதுக்கடுத்தது வெறும் மண். மொத்தமே 20 சென்ட், 30 சென்ட்தான் இருக்கும். நெல் விளையற நிலத்தைக் கழனின்னு சொல்றாங்க. பேச்சுல அது 'கயனி' ஆயிடும். கீரை, கத்தரி, வெண்டை போடற இடம் கொல்லை.

ஏன் கட்டத்துக்கு ஒரு கலர்? அங்கதான் இருக்கு கீரைக்காரங்களோட மூளை. சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் விதைச்சு 20 - 25 நாள்ல பிடுங்கிடலாம். முழுக் கொல்லையையும் ஒரே நாள்ல விதைச்சா, ஒரே நாள்ல பிடுங்கி ஒரே நாள்ல வித்தாகணும். அவ்வளவு கட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டறது? அதனால மூணு நாளைக்கு ரெண்டு பாத்தின்னு தள்ளித் தள்ளி விதைப்பாங்க. ஒரு பாத்தி முளைக்கும்போது இன்னொண்ணு களையெடுப்புக்கு வரும், இன்னொண்ணு அறுவடைக்கு ரெடியாகும். தினமும் கொஞ்சம் கீரை, தினமும் கொஞ்சம் காசு. நம்ம யூனிவர்சிட்டி டைம்டேபிளை இவங்ககிட்ட கொடுத்தா கண்டிப்பா இதைவிட நல்லா போட்டுத் தருவாங்க!

அரைக்கீரை வேற ஜாதி. அதை வேரோட பிடுங்க மாட்டாங்க, அறுப்பாங்க. அறுத்தா பத்துப் பதினைஞ்சு நாள்ல திரும்ப வரும். மறுபடி அறுக்கணும், மறுபடி வரும். அரியர் பேப்பர் மாதிரின்னு நினைச்சுக்குங்க, என்ன... இது காசு கொடுக்குற அரியர்.

காலையில ஏழு மணிக்கு உங்க தெருவுல 'கீரேய்...'னு குரல் கேக்குதா? அந்தக் கட்டு முந்தின நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பிடுங்கினது. வெயில்ல பிடுங்கினா கைக்கு வர்றதுக்குள்ள வாடிடும். வேர் மண்ணைத் தொட்டித் தண்ணியில அலசி, கைப்பிடி அளவு பார்த்து, நார்ல ஒரு சுத்து, ஒரு முடிச்சு. தராசு கிடையாது. வருஷக்கணக்கா கட்டுற ஆயாவோட கைதான் தராசு. அப்புறம் ஈரச் சாக்குல அடுக்கி, ராத்திரி குட்டியானை வண்டியில ஏத்தினா விடியறதுக்குள்ள கோயம்பேடு. இல்லைன்னா விடியக்காலை லோக்கல் ட்ரெயின்ல வெண்டர் பெட்டி. நாம ஃபுட்போர்டு அடிச்சுக்கிட்டு 'மூட்டையைத் தள்ளி வையுங்கம்மா'ன்னு சலிச்சுக்கிறோமே, அந்த மூட்டைதான் இது.

இந்தப் பக்கத்துல பல வீடுகள்ல ஒரு ஆள் சிப்காட் போவார், இன்னொரு ஆள் கொல்லைக்குப் போவாங்க. பெரும்பாலும் ஆம்பளை ஷிப்ட்டுக்கு, பொம்பளை பாத்திக்கு. கான்ட்ராக்ட் வேலை இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்லை. அந்த மாசத்து அரிசி பருப்புக்குக் கீரைக் காசுதான் கேரன்டி. நிலம் பலபேருக்குச் சொந்தமே கிடையாது. வாய்வார்த்தைக் குத்தகை. 'அடுத்த வருஷம் இருக்குமா?'ன்னு கேட்டா, 'அடுத்த பட்டம் வரட்டும், பாத்துக்கலாம்'கிற ரேஞ்சுலதான் பதில் வரும்.

சரி, பட்டம்னு சொன்னதும் கான்வகேஷன் ஞாபகம் வருதா? இது வேற பட்டம், விதைக்கிற சீசன். 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு நாலாம் கிளாஸ்ல படிச்சிருப்பீங்க. ஜூலை நடுவுல ஆடி பிறக்கும். வடதமிழ்நாட்டுல அந்த டைம்ல சாயங்காலத்துக்கு மேல இடியோட ஒரு மழை வரும் பாருங்க, அதுதான் சிக்னல். கத்தரி, மிளகாய் நாத்து ரெடி பண்ணி நடுவாங்க, வெண்டையை நேரடியா விதைப்பாங்க. வெண்டை ஒன்றரை மாசத்துல காய்க்கத் தொடங்கிடும். அதுக்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சே ஆகணும். ஸ்டடி ஹாலிடே எல்லாம் வெண்டைக்குக் கிடையாது! ரெண்டு நாள் லேட்டானா முத்திப் போயிடும். கடையில நுனியை உடைச்சுப் பார்த்து வாங்குற அம்மாக்கள் 'படக்'னு உடையாததைத் திரும்பக் கூடையில போட்டுடுவாங்க. பறிக்கும்போது அந்தச் சுனை பட்டு முழங்கை வரைக்கும் அரிக்கும். அதனாலதான் கொல்லையில வெயில் நேரத்துலயும் பழைய ஃபுல்ஹேண்ட் சட்டையை மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஃபேஷன் இல்லை பாஸ்.

கத்தரி பாவம் செஞ்ச பயிர். பூ வரும், பிஞ்சு வரும், வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே புழு சார் குடும்பத்தோட குடியிருப்பார். மருந்து அடிக்கக் கூடாதுன்னு நாம லெக்சர் கொடுக்கலாம். ஆனா ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் தூக்கிப் போடறது யாரு? நாமதான். கீரையிலயும் அதே கதை. பூச்சி கடிச்ச இலையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சுட்டு, மறுநாள் 'ஆர்கானிக்' போர்டு போட்ட ஏசி கடையில ஓட்டை விழுந்த கீரையை டபுள் ரேட்டுக்கு வாங்குற கூட்டமும் நம்மளோடதுதான்.

புரட்டாசி வந்தா காய்கறிக்கு ராஜயோகம். பாதி ஊர் சைவத்துக்கு மாறிடும். மகாளய அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை தேடி அலைவாங்க. வரப்பு ஓரம் நாலு அகத்தி மரம் வெச்சவங்களுக்கு அன்னிக்கு போனஸ்.

அடுத்து வருது நிஜமான டெஸ்ட். ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை நல்லா பெஞ்சா ஏரி நிரம்பும், கிணறு நிரம்பும், ஆனா கீரை காலி. விதை கடுகை விடச் சின்னது. கனமழை ஒண்ணு அடிச்சா பாத்தியை விட்டு அடிச்சுக்கிட்டுப் போய் வரப்பு ஓரம் ஒதுங்கிடும். முளைச்சது தப்பிச்சா தண்ணி நின்னு வேர் அழுகும். மார்க்கெட்ல அந்த நேரம் கீரைக்கு நல்ல ரேட் இருக்கும், கொல்லையிலதான் கீரை இருக்காது. 2016 டிசம்பர்ல வர்தா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம்னு புயல்கள் வந்தப்போ டிவியில நாம சென்னைத் தெருவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். வடக்கே இந்தப் பாத்திகளும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு. நெல்லாவது கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். கீரை ரெண்டு நாள் தாங்காது.

மார்கழிப் பனி ஆரம்பிச்சா ஒரு ரிலாக்ஸ். கோலத்துல வைக்கப் பூசணிப்பூ, பொங்கலுக்கு மொச்சை, அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி. தை, மாசியில வர்ற கீரைதான் வருஷத்துலயே பெஸ்ட். இலை அகலமா, தண்டு நறுக்குன்னு. பங்குனி, சித்திரையில வெயில் ஏறினா கீரை சீக்கிரமே பூவெடுத்துடும், அப்புறம் விலை போகாது. ரெண்டு வேளை தண்ணி கேக்கும். த்ரீஃபேஸ் கரண்ட் வர்ற நேரம் பார்த்து நடுராத்திரியிலயும் எழுந்து ஓடி மோட்டார் போட்டவங்க இந்த ஊர்ல நிறைய.

தண்ணின்னு வந்தாச்சு. இப்போ கொஞ்சம் ஹிஸ்டரி கிளாஸ், தூங்கிடாதீங்க. ஏன்னா வில்லன் சீனே இங்கதான்.

ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு... இந்த ரெண்டுக்கும் நடுவுல பூமிக்கடியில நல்ல தண்ணி நிறைய இருக்குன்னு 1960-கள்ல ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட உதவியில நடந்த ஆய்வு சொல்லுச்சு. சென்னையோட தாகத்துக்கும், வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கும் அங்கேருந்து தண்ணி எடுக்க முடிவாச்சு. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி, கன்னிகைப்பேர்னு வரிசையா கிணத்து வயல்கள். 'கிணத்து வயல்'னா விளைச்சல் வயல் இல்லைங்க, ஆழ்துளைக் கிணறுகள் கூட்டமா போட்ட இடம். ஒரு பக்கம் சிட்டிக்கு எடுத்தாங்க, இன்னொரு பக்கம் விவசாயத்துக்கும் எடுத்தாங்க. நல்ல தண்ணி கீழே இறங்க இறங்க, அந்தக் காலி இடத்துக்குக் கடல் தண்ணி மெதுவா உள்ளே வந்துடுச்சு. ஆய்வுகள் சொல்ற கணக்குப்படி, மீஞ்சூர் பக்கம் 1969-ல கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் இருந்த உப்பு, 1987-ல சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்துச்சு. அதே 1987-லதான் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. உப்புத் தண்ணியில கத்தரி கருகும், வெண்டை குள்ளமா நிக்கும், கீரை விதை முளைக்கவே யோசிக்கும். ஒரு தடவை உப்பு ஏறின கிணறு, மழை நாலு வருஷம் நல்லா பெஞ்சாலும் சீக்கிரம் பழைய நிலைமைக்கு வராது.

அப்புறம் நடந்ததுதான் செம ட்விஸ்ட். 2010-ல மீஞ்சூருக்குப் பக்கத்துல காட்டுப்பள்ளியில தினமும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை தொடங்கினாங்க. நல்ல தண்ணி எடுத்த இடத்துக்குக் கடல் வந்துச்சு. அந்தக் கடலையே மறுபடி நல்ல தண்ணியாக்க இன்னொரு ஃபேக்டரி!

இதுக்கு நடுவுல இன்னொரு சங்கதி இருக்கு. 2000-க்கு அப்புறம் வந்த பஞ்ச வருஷங்கள்ல, ஏரியெல்லாம் வத்தினப்போ, குடிநீர் வாரியம் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளோட கிணறுகள்லேருந்து காசு கொடுத்துத் தண்ணி வாங்க ஆரம்பிச்சுது. 2019-ல சென்னையே காலிக் குடத்தோட வரிசையில நின்னுச்சே, அப்பவும் இதே கிணறுகள்தான் கைகொடுத்துச்சு. விவசாயி பக்கமிருந்து யோசிச்சுப் பாருங்க. விதை, எரு, களை, புழு, மழை, தரகு எல்லாத்தையும் தாண்டி வர்ற காசு ஒரு பக்கம். மோட்டார் ஸ்விட்சைத் தட்டினாலே வர்ற காசு இன்னொரு பக்கம். விவசாய மோட்டாருக்குக் கரண்ட் 1990-லேருந்து ஃப்ரீ. நீங்களா இருந்தா எதை செலக்ட் பண்ணுவீங்க? வித்தவரைத் திட்ட எனக்கு மனசு வரலை. குளிக்க ரெண்டு பக்கெட் தண்ணி கிடைச்சவங்க லிஸ்ட்ல நாமும்தானே இருந்தோம்? ஆனா கிணறு வெச்சிருந்தவருக்குத்தான் அந்தக் காசு. பக்கத்துல 20 சென்ட் குத்தகைக்கு எடுத்து, அதே கிணத்துத் தண்ணியை நம்பிக் கீரை போட்ட அம்மாவுக்கு வந்தது காஞ்ச பாத்தி மட்டும்தான்.

நிலத்துக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். கும்மிடிப்பூண்டி பக்கத்துல தேர்வாய் கண்டிகைன்னு ஒரு கிராமம். அங்கே ஊரோட மேய்ச்சல் நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல சிப்காட்டுக்குப் போனப்போ, ஊர் ஜனங்க வருஷக்கணக்கா போராடினாங்க, கோர்ட் வரைக்கும் போனாங்க. 'மேய்ச்சல் நிலம்தானே, விளையற நிலம் இல்லையே'ன்னு தோணும். கீரைக்கொல்லைக்காரங்களைக் கேளுங்க. மேய்ச்சல் போனா மாடு போகும். மாடு போனா எரு போகும். எரு போனா மூட்டை உரத்துக்கு ரொக்கம் வேணும். அதே தேர்வாய் கண்டிகை - கண்ணன்கோட்டை ஏரிகளை இணைச்சு 2020 நவம்பர்ல ஒரு புது நீர்த்தேக்கமும் திறந்தாங்க. கொள்ளளவு அரை டி.எம்.சி. அதுவும் சென்னைக்குக் குடிநீருக்காகத்தான். ஆக, வேலைக்கு ஃபேக்டரி வேணும், குடிக்கத் தண்ணி வேணும், ரெண்டுமே நியாயமான தேவை. ரெண்டுக்கும் இடம் கொடுக்கறது மட்டும் எப்பவுமே ஒரே ஊரா இருக்கு.

சரி, ஃபேக்டரி வந்தா கொல்லை போயே ஆகணுமா? இங்கதான் எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரும். அங்கே தொழிற்புரட்சியில நிலத்தை விட்டுட்டு மில்லுக்கு வந்த தொழிலாளிங்க, 'எங்களுக்குக் காய்கறி போட ஒரு துண்டு இடம் கொடு'ன்னு கேட்டாங்க. 1908-ல அதுக்குன்னே ஒரு சட்டம் வந்துச்சு. ஒரு ஊர்ல ஆறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தா, உள்ளூர் கவுன்சில் அதைப் பரிசீலிச்சே தீரணும். வெறும் ஆறு பேர்! நம்ம லாஸ்ட் பெஞ்ச் ரெண்டு வரிசை. அப்படிக் கிடைக்கிற துண்டுக்குப் பேரு 'அலாட்மென்ட்'. வழக்கமான சைஸ் நம்ம கணக்குல ஆறு சென்ட் சொச்சம். வருஷ வாடகை கட்டிட்டு உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் போட்டுக்கலாம். இன்னிக்கும் அங்கே பல ஊர்ல இதுக்கு வருஷக்கணக்குல வெயிட்டிங் லிஸ்ட். ஜெர்மனியிலயும் லைப்சிக் நகரத்துல 19-ம் நூற்றாண்டுல தொடங்கி ஊர் ஊரா பரவின தோட்டத் துண்டுகள் இருக்கு.

சிப்காட் பக்கம் ஒரு ரூமுக்குள்ள ஏழெட்டுப் பேரா தங்கி வேலை பார்க்குற பீகார், ஒடிசா அண்ணன்களை நினைச்சுப் பாருங்க. நிறைய பேர் ஊர்ல வயல் பார்த்தவங்க. மண்வெட்டி பிடிக்கத் தெரியும், விதைக்கத் தெரியும். ரூமுக்கு வெளியே ரெண்டடி மண் கிடைச்சா மிளகாய்ச் செடி வெச்சிடுவாங்க. எஸ்டேட் எஸ்டேட்டா லே-அவுட் போடும்போது லாரி நிறுத்த, சாக்கடை போக, 'பசுமை வளாகம்'னு புல்லு வளர்க்க எல்லாம் இடம் ஒதுக்குறாங்க. ஆளுக்கு ரெண்டு சென்ட் கீரைக்குன்னு ஒதுக்கினா என்ன? இது என் சொந்த ஆசை. திட்டுறவங்க என்னைத் திட்டலாம்.

வித்து முதலாக்குற இடத்துலயும் கொஞ்சம் மாறியிருக்கு. 1999 நவம்பர்ல மதுரையில முதல் உழவர் சந்தை திறந்தாங்க. திருவள்ளூர் மாவட்டத்துலயும் இப்போ உழவர் சந்தைகள் இருக்கு. தரகு இல்லாம நேரா விக்கலாம். ஆனா கால் ஏக்கர் குத்தகைக்காரங்களுக்கு அடையாள அட்டை வாங்கறதுக்கே நிலத்துப் பேப்பர் கேள்வி வரும். வாய்வார்த்தைக் குத்தகைக்கு ஏது பேப்பர்? 2020 மே மாசம் கொரோனாவால கோயம்பேட்டை மூடிட்டு, மார்க்கெட்டை இதே மாவட்டத்துல இருக்குற திருமழிசைக்குக் கொண்டுபோனாங்க. செப்டம்பர்ல திரும்பக் கோயம்பேடு. மொத்த சந்தையும் ஒருநாள் ராத்திரியில இடம் மாறலாம்னு அப்போதான் நமக்கே தெரிஞ்சுது. கீரைக்கு மட்டும் காத்திருக்குற வசதி கிடையாது. வெங்காயம் குடோன்ல தூங்கும். கீரைக்கு மறுநாள் சாயங்காலமே வயசாயிடும்.

இவ்வளவு படிச்சுட்டு 'நாமளும் ட்ரை பண்ணா என்ன?'ன்னு யாருக்காவது கை துறுதுறுன்னுதா? காலேஜ் பின்னாடி, மெஸ் தண்ணி வெளியே போற பக்கம், யாரும் கண்டுக்காத ஒரு சென்ட் நிலம் எல்லா கேம்பஸ்லயும் இருக்கும். ஒரு சென்ட்னா சுமார் 435 சதுர அடி, ஒரு கிளாஸ் ரூமை விடக் கொஞ்சம் சின்னது. ஆறு பேர் கையெழுத்துப் போட்டு என்.எஸ்.எஸ். சார்கிட்ட லெட்டர் கொடுங்க. இங்கே 1908 சட்டம் கிடையாது, ஆனா சார் நல்ல மூடுல இருக்கலாம். முதல்ல மண்ணைக் கொத்தி ஒரு வாரம் காய விடுங்க. மக்கின எரு கலந்து, தண்ணி தேங்காத மாதிரி சமமா பாத்தி கட்டுங்க. சிறுகீரை விதையை அப்படியே தூவினா ஒரே இடத்துல கும்பலா விழும். மணலோட நல்லா கலந்து தூவுங்க. மேலே லேசா கையால தடவி விட்டா போதும். பக்கெட்டைக் கவுக்காதீங்க, பூவாளியில மெதுவா விடுங்க. நாலஞ்சு நாள்ல முளைக்கும். பத்தாம் நாள் களை எடுக்கும்போது நெருக்கமா இருக்குறதையும் கலைச்சு விடுங்க. எறும்பு விதையை இழுத்துக்கிட்டுப் போகும், அதுக்குக் கொல்லைக்காரங்ககிட்ட ஒரு டெக்னிக் இருக்கு. பாத்தியைச் சுத்தி நொய்யரிசி தூவி விடுவாங்க, எறும்பு அதுல பிஸியாயிடும். காலேஜ் திறந்ததும் ஆடியில ஆரம்பிச்சா செப்டம்பர் முடியறதுக்குள்ள ரெண்டு மூணு ரவுண்டு எடுத்துடலாம். அதுக்கப்புறம் தள்ளிப் போடாதீங்க. அக்டோபர் கடைசியில மழை வந்துடும், உங்களுக்கும் மாடல் எக்ஸாம் வந்துடும்.